பிபிஎஸ் (அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி) பிளெட்ஜ் டிரைவ் (நேயர்களிடம் நன்கொடை கேட்கும் ஒளிபரப்பு): உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொலம்பஸ் கலா:

மார்ச் வந்தாலே இது நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுதி வைத்தால் மனம் கொஞ்சம் ஆறும் என்று இங்கே எழுதுகிறேன்.

2013 மார்ச். எங்கள் ஊர் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தில் போன் எடுக்கத் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் பன்னிரண்டு பேர் போனோம். அன்றைக்கு ஆந்த்ரே ரியூவின் வயலின் கச்சேரி ஓடியது. நடுநடுவே பிரேக். அந்த பிரேக்கில்தான் தொகுப்பாளர் நன்கொடை கேட்பார், பின்னால் இருக்கும் எங்கள் மேல் கேமரா திரும்பும், போன் அடிக்கும். படிவத்தைக் கொட்டை எழுத்தில் நிரப்பு, அட்டை எண்ணைத் திரும்பப் படித்துக் காட்டு, பேச்சை வளர்க்காதே. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

மூன்றாவது பிரேக்கில் வயதான அம்மா ஒருவர் அழைத்தார். நாற்பது டாலர், நன்றிப் பரிசாகத் தரும் பை வேண்டாம், குவளை வேண்டாம் என்றார். அப்புறம், "இரண்டாவது வரிசையில் பச்சைத் துணி உடுத்தியிருப்பது நீதானா?" என்று கேட்டார். பட்டுப்புடவையில் போயிருந்தேன். ஆமாம் என்றேன். "பேனாவைத் தூக்கு பார்க்கலாம்." தூக்கினேன். சத்தமே இல்லை. ஒளிபரப்பு சில நொடி தாமதமாகத்தானே வீட்டுக்குப் போகும். திடீரென்று அந்தப் பக்கம் சின்னப் பெண் மாதிரி சிரிப்பு. "தூக்கிவிட்டாய்! தூக்கிவிட்டாய்!"

சிரித்து முடித்து, "நான் ஏன் வருஷா வருஷம் தருகிறேன் தெரியுமா? 1971-இல் நாங்கள்..." என்று ஆரம்பித்தார். அதே நேரம் தள மேலாளர் விரலைச் சுழற்றி முடிக்கச் சொன்னார். அடுத்த அழைப்பின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மிக்க நன்றி அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த அழைப்பு தவறான எண். அவரைப் பேச விட்டிருக்கலாம்.

எடிசன் ரவி:

கலா அக்கா, நீங்கள் போனின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அப்பா கும்பகோணத்திலிருந்து முதல் முறை வந்திருந்த வருடம். பனிக்காலம், வெளியே போக முடியாது. பொழுதுக்கும் நோவா, நேச்சர் என்று அறிவியலும் இயற்கையுமாகப் பிபிஎஸ் நிகழ்ச்சிகள்தான். ஒரு ராத்திரி அவர் காத்திருந்த நிகழ்ச்சி வரவில்லை. அதற்குப் பதில் பழைய பாட்டுக் கச்சேரி, நடுவில் ஆட்கள் வந்து பணம் கேட்கிறார்கள். நான் சேனலை மாற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். பிரேக் முழுவதையும் நின்றுகொண்டே பார்த்தார்.

"சர்க்கார் தராதா?" "கொஞ்சம் தரும்." "விளம்பரம்?" "மற்ற சேனல் மாதிரிப் போட முடியாதப்பா. அதனால் பார்ப்பவர்களிடமே கேட்கிறார்கள்." "அப்போது இது திருப்பணி மாதிரி."

செலவுக்கு நான் கொடுத்திருந்ததிலிருந்து இருபது டாலரை எடுத்துவந்து என் கையில் வைத்தார். போன் செய்யச் சொன்னார், ரசீது பேரன் பெயரில் இருக்க வேண்டும் என்றார். எடுத்த பெண்மணிக்கு "வெங்கடசுப்பிரமணியன்" என்று எழுத்து எழுத்தாக நான் சொல்லச் சொல்ல, அப்பா பக்கத்தில் நின்று "நட்சத்திரத்தையும் சொல்லு, உத்திரட்டாதி, மீன ராசி" என்கிறார். எனக்குக் கூச்சம். சொல்லவில்லை. சொல்லிவிட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது.

டல்லாஸ் முரளி:

இரண்டு பேரும் நெகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ரவி, உங்கள் அப்பா காத்திருந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டு வேறு எதையோ போட்டார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள். என் கோபம் அங்கேதான். மார்ச், ஜூன், ஆகஸ்ட், டிசம்பர், எப்போது டிரைவ் வந்தாலும் எதற்காக உறுப்பினர் ஆனோமோ அது காணாமல் போய்விடுகிறது. பிரண்ட்லைன் என்ற புலனாய்வு ஆவணப்படத் தொடரைப் பார்க்கப் பணம் கட்டினால் அறுபதுகளின் பாட்டுக் கச்சேரி கிடைக்கும்.

கச்சேரியாவது பரவாயில்லை. என் மாமியார் வந்திருந்தபோது டிரைவில் உடல்நல உரை ஒன்று ஓடியது. மேடையில் ஒருவர், எதிரே கைதட்டும் கூட்டம், சர்க்கரை நோய் உணவாலேயே போய்விடும் என்று ஒன்றரை மணி நேரம். மாமியாருக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். நோட்டில் குறித்துக்கொண்டார். விளம்பரம் இல்லாத சேனல், பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். பதினோராவது நாள் சமையலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 340. கூடவே அந்த நோட்டு, மேலே அழகாகத் தேதி போட்டு.

நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். அச்சடித்த பதில்தான் வந்தது. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: டிரைவில் வரும் இந்த மாதிரி உரைகளில் பல பிபிஎஸ் தேசிய வரிசையில் வருவதே இல்லை. வேறு விநியோகஸ்தர்களிடமிருந்து அந்தந்த நிலையமே எடுத்துப் போடுகிறது. எடுப்பதும் விடுவதும் உள்ளூர் ஆட்கள் கையில். ஒரு வருடம் பணம் கட்டாமல் நிறுத்தினேன். காரணத்தை எழுதித்தான் நிறுத்தினேன்.

சான் டியேகோ வாசு:

என் கதை சின்னது. என் பெண் டேனியல் டைகர் என்ற பிபிஎஸ் கார்ட்டூன் பார்த்துத்தான் பேசவே ஆரம்பித்தாள். டிரைவில் அந்தப் புலி பொம்மையை நன்றிப் பரிசாகக் காட்டினார்கள், அவள் திரைக்குப் போய் அதை எடுக்கப் பார்த்தாள். வாங்கிவிட்டேன்.

ஆனால் எல்லோரும் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது, கொஞ்சம் சொல்கிறேன். டிரைவின்போது மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி வையுங்கள், நிலையத்துக்கு அந்த நிச்சயம்தான் முக்கியம். மாதம் 5 டாலர், அல்லது வருடம் 60 கொடுத்தால் பெரும்பாலான நிலையங்களில் பாஸ்போர்ட் என்ற பிபிஎஸ் இணையச் சேவை கிடைக்கும். பழைய நிகழ்ச்சிகளை இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், முரளி சார் சொன்ன பிரண்ட்லைன் உட்பட. பரிசு வேண்டாம் என்று சொல்லுங்கள். பை வாங்கினால் அதன் மதிப்பைக் கழித்துத்தான் வரிவிலக்கு. 250 டாலரும் அதற்கு மேலும் ஒரே தடவையில் கொடுத்தால் எழுத்தில் ரசீது கட்டாயம். 2026 முதல் விலக்குகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டாதவர்களும் ரொக்க நன்கொடையில் 1,000 டாலர் வரை, தம்பதியாகத் தாக்கல் செய்தால் 2,000 வரை கழிக்கலாம். வேலை செய்யும் இடத்தில், உங்கள் நன்கொடைக்கு இணையாக அவர்களும் ஒரு தொகை சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். நம் ஆட்களில் பாதிப் பேர் இருக்கும் கம்பெனிகளில் இது உண்டு, யாரும் படிவம் போடுவதில்லை. பழைய கார் இருந்தால் அதையும் கொடுக்கலாம், வந்து இழுத்துப் போவார்கள். காரின் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து போட்ட பிறகு போக்குவரத்துத் துறைக்கும் தெரிவித்துவிடுங்கள், மறந்தால் பின்னாடி வரும் அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும்.

கலா, அந்த அம்மா சொல்ல வந்தது பிபிஎஸ்ஸில் வந்த மாஸ்டர்பீஸ் தியேட்டர் என்ற நாடகத் தொடராக இருக்கும். 1971 ஜனவரியில்தான் அது தொடங்கியது.

விஸ்கான்சின் மீனா:

வாசு, கலா வரி யோசனை கேட்கவில்லையே. அந்த அம்மா "நாங்கள்" என்று ஆரம்பித்திருக்கிறார். நிகழ்ச்சியின் பெயர் சொல்ல வருபவர் அப்படி ஆரம்பிப்பாரா?

நான் ஏலம் பற்றிச் சொல்கிறேன். டிவி ஏலம் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. இதைத் தொடங்கிவைத்தது சான் பிரான்சிஸ்கோவின் கேகியூஈடி நிலையம், 1955-இல். நிலையத்தைத் தொடர்ந்து நடத்தவே பணமில்லாத நிலைமை. ஊரில் கிடைத்த பொருள்களை எல்லாம் வாங்கி கேமரா முன் வைத்து ஏலம் விட்டார்கள். அப்புறம் நாடெங்கும் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் வசந்த காலத்தில் நாள்கணக்காக நடக்கும். பனி உருகியதும் ஊரே பேசுவது அதைத்தான். கடைக்காரர் புல்வெட்டும் இயந்திரம் தருவார், பல் டாக்டர் பல் சுத்தம் செய்யச் சீட்டு தருவார், ஒரு பாட்டி தைத்த போர்வை வரும்.

நாங்கள் கொடுத்தது "ஆறு பேருக்கு வாழை இலைச் சாப்பாடு, எங்கள் வீட்டில்". என் வீட்டுக்காரர் கூச்சப்பட்டார், யார் கேட்பார்கள் என்று. ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் பொருள் பலகையில் ஏறியது. நான் பொங்கலன்று எடுத்த இலைப் புகைப்படம் திரையில். பக்கத்தில் கட்டிலுக்கு ஏறுகிறது, சைக்கிளுக்கு ஏறுகிறது. எங்களுக்கு எதிரே வெறும் கோடு. தொகுப்பாளர் "சாம்பார்" என்ற சொல்லைச் சொல்லத் திணறினார். ஐந்து நிமிடம் இருக்கும், எனக்கு ஐந்து மணி நேரம். வீட்டுக்காரர் எழுந்து போனை எடுத்து, "நாமே கேட்டுவிடலாம் மீனா, அசிங்கமாக இருக்கிறது" என்றார். எண்ணைச் சுழற்றும்போதே கோடு மாறியது. 45 டாலர். அப்புறம் 60. அப்புறம் 110.

எடுத்தவர்கள் நாற்பது மைல் தள்ளிப் பால்பண்ணை வைத்திருக்கும் குடும்பம். ஜூன் மாதம் ஆறு பேரும் குளித்து, சட்டை இஸ்திரி போட்டு, ஏதோ கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார்கள். தயிர் சாதத்தை மட்டும் அந்தப் பெரியவர் மூன்று முறை கேட்டு வாங்கினார். பாலும் தயிரும் அவர் விஷயம், நான் வீட்டிலேயே உறை ஊற்றியதா என்று விசாரித்தார். இன்று எங்கள் நிலையத்தில் ஏலம் இல்லை. நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து நிற்கவில்லை.

பிட்ஸ்பர்க் மாமா:

முரளி, நீங்கள் சொன்னது நியாயம். அந்த மாதிரி உரைகளை எதிர்த்து எழுதத்தான் வேண்டும். ஆனால் பணத்தை நிறுத்தினால் முதலில் அடிபடுவது எது என்று யோசியுங்கள். கச்சேரி நிற்காது, குழந்தைகள் நிகழ்ச்சிதான் நிற்கும்.

நான் இந்த ஊருக்கு வந்தது பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் கட்டிக்கொண்டிருந்த காலம். வார இறுதியில் கோயிலுக்கு வசூல், வார நாளில் டிவியில் டபிள்யூகியூஈடி வசூல். இரண்டும் ஐந்து, பத்து டாலராகச் சேர்ந்த பணம்தான். அந்த நிலையம் 1954 ஏப்ரல் 1 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் ராஜர்ஸ் அங்கிருந்துதான் வந்தார். 1969 மே மாதம் அவர் வாஷிங்டனில் செனட் குழு முன் உட்கார்ந்து, பொதுத் தொலைக்காட்சிக்கான அரசுப் பணத்துக்காகச் சில நிமிடம் பேசினார். அதட்டலாக ஆரம்பித்த தலைவர் பாஸ்டோரி கடைசியில் இளகி, 20 மில்லியன் டாலரைச் சம்பாதித்துவிட்டீர்கள் என்கிற மாதிரி முடித்தார்.

என் மகள் ஐந்து வயதில் உண்டியலை உடைத்து மூன்று டாலர் சொச்சத்தை உறையில் போட்டு அனுப்பினாள். நாணயத்தைத் தபாலில் அனுப்பக் கூடாதென்று அவளுக்குத் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. உறை வழியில் கிழிந்திருக்கிறது. போய்ச் சேர்ந்தது ஒரு குவார்ட்டர். நிலையத்திலிருந்து யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: உன் 25 சென்ட் வந்தது, உறை கிழிந்திருந்ததால் மீதி எவ்வளவு என்று தெரியவில்லை, ஆனால் நீ அனுப்பியது எல்லாவற்றுக்கும் நன்றி. அந்தக் கடிதம் இப்போதும் அவள் வீட்டுச் சுவரில்.

மொன்டானா செல்வி:

நான் சின்ன ஊரில் நர்ஸ். கேபிள் இல்லாத வீடுகள் நிறைய. ஆன்டெனாவில் தெளிவாக வருவது சில சேனல்கள், அதில் இது ஒன்று. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் பொது ஒலிபரப்புக்கான 1.1 பில்லியன் டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அரசுப் பணத்தை நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த, 1967 சட்டத்தில் பிறந்த பொது ஒலிபரப்புக் கழகமே ஆகஸ்டில் மூடுவிழா அறிவித்தது. நாடு முழுவதும் சராசரி பார்த்தால் இந்தப் பணம் பொதுத் தொலைக்காட்சி வருமானத்தில் சுமார் 15 சதவீதமாகத்தான் இருந்தது என்பார்கள். சிறு ஊர் நிலையங்கள் சிலவற்றில் அது பாதியைத் தாண்டியிருந்தது. பெரிய ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை.

போன டிசம்பர் டிரைவ். இரவுப் பணி முடிந்து வந்து டிவியைப் போட்டேன். வருடா வருடம் வரும் அதே தொகுப்பாளர். பின்னால் போன் மேஜைகள் இல்லை, ஆட்கள் இல்லை. கீழே இணைய முகவரி மட்டும். பழக்கத்தில் அவர் வழக்கம் போல, "பின்னால் நம் தன்னார்வலர்கள்..." என்று திரும்பினார். அங்கே திரைச்சீலைதான் இருந்தது. ஒரு விநாடி நின்றார். அப்புறம் முன்னால் திரும்பித் தொடர்ந்தார்.

அந்த ஒரு விநாடி தூங்க விடவில்லை.

டல்லாஸ் முரளி:

மாமா, நிறுத்தியது ஒரே வருடம்தான். அதற்குப் பிறகு இரண்டு மடங்காகக் கட்டுகிறேன், கூடவே வருடா வருடம் ஒரு கடிதமும் போகிறது. மாமியார் நலம்.

எடிசன் ரவி:

செல்வி, உங்கள் நிலையத்துக்கு வெளியூரிலிருந்து கொடுக்க முடியுமா?

மொன்டானா செல்வி:

முடியும் அண்ணா. படிவத்தில் பெயர் எழுத ஒரு கட்டம், யார் நினைவாக என்று எழுத ஒரு கட்டம். நட்சத்திரம் எழுதவும் இடம் இருக்கிறது.

கொலம்பஸ் கலா:

எல்லாம் படித்தேன். மீனா சொன்னதுதான் எனக்கும் படுகிறது, அது நிகழ்ச்சி இல்லை. 1971-இல் அவர்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

எங்கள் நிலையத்திலும் இந்த மார்ச்சில் போன் எடுக்க ஆள் வேண்டாமாம். நன்றிக் கடிதங்களை உறையில் போட ஆள் வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. சனிக்கிழமை பத்து மணிக்குப் போகிறேன். முகவரிச் சீட்டுகளை ஒட்டுமுன் பெயர்களை ஒருமுறை படித்துப் பார்ப்பேன். நாற்பது டாலர், பரிசு வேண்டாம் என்று ஒன்று இருக்கிறதா என்று.