கேள்வி கேட்டே மாமாவ மடக்கிட்டேன், இப்ப வீட்டுப் பக்கமே வர்றதில்ல

கோத்தகிரிக்காரன்:
எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை, ஒட்டுனாப்ல தாய்மாமா தோட்டம். அவரு ரெண்டு வருஷமா கையால கிள்ளாம கத்தரியால வெட்டித்தான் இலை பறிக்கிறார். பத்து நாள் முன்னாடி எங்க வீட்ல டீ குடிச்சுக்கிட்டே ஃபேக்டரில விலை கம்மியா போடுறான்னு ஒரே பொலம்பல். நானும் சாக்ரடீஸ் மாதிரி கேட்டுப் பாக்கலாம்னு (யூடியூப் ஞானம்தான்) ஆரம்பிச்சேன். நல்ல தூளுக்கு எந்த இலை வேணும் மாமா? ரெண்டு இலை ஒரு மொட்டுன்னார். கத்தரிக்கு மொட்டு எது முத்தல் எதுன்னு தெரியுமா? தெரியாதுன்னார். அப்ப முத்தலும் காம்பும் சேந்துதான மூட்டைல போகுது? ம்ம்னார். அப்ப விலை கொறைய யாரு காரணம்? டம்ளர வச்சுட்டு எழுந்து போனவர்தான். அம்மா எங்கிட்ட பேசுறதில்ல. கேள்விதான கேட்டேன், அதுல என்ன தப்பு?

ஊட்டி வாத்தியார்:
தம்பி, நன்னூல்ல வினா ஆறு வகை. நீங்க கேட்டது நாலும் அறிவு வினா, பதில கைல வச்சுக்கிட்டு வாத்தியார் பையன்கிட்ட கேக்குறது. மாமாவ பெஞ்சு மேல ஏத்திட்டீங்க. பிளேட்டோ எழுதுன மெனோங்கிற புத்தகத்துல சாக்ரடீஸ் ஒரு அடிமைப் பையன்கிட்ட ரெண்டடி சதுரத்தப் போட்டுக் காட்டி, இதுக்கு ரெண்டு மடங்கு பரப்பு, அதாவது 8 வர பக்கம் எவ்ளோ வேணும்னு கேப்பார். 4ங்கிறான், பரப்பு 16 ஆயிடுது, 3ங்கிறான், 9 ஆயிடுது, கடைசில மூலைவிட்டத்துல போய் நிக்கும். எட்டாங்கிளாஸ்ல செஞ்சு பாத்திருக்கேன், அருமையா வரும். தப்பா சொன்னா பையன் சிரிச்சுட்டு அழிச்சுட்டு மறுபடி போடுவான். மாமாவுக்கு அது சோறு போடுற தோட்டம்ல?

குன்னூர் குளிர்:
எங்க ஊர்ல இதுக்குப் பேரு போட்டு வாங்குறது 😄 எங்க மேனேஜர் லீவு கேட்டா, நீங்களே சொல்லுங்க உங்க வேலைய யாரு பாப்பாம்பார், வாயத் தொறந்தா நாமளே நம்ம லீவ கேன்சல் பண்ண மாதிரி ஆயிடும். சாக்ரடீஸ் மேல கி.மு. 399ல போட்ட கேஸ் சாமி கும்பிடல, பசங்கள கெடுக்குறார்னுதான், ஆனா ஊருல பெரிய ஆளுங்கன்னு பேரெடுத்தவங்கள கேள்வி கேட்டு கேட்டே ஒண்ணும் தெரியாதவங்களா காட்டுனதுல சேந்த பகைதான் காரணம்னு அவரே கோர்ட்ல சொன்னதா பிளேட்டோ எழுதிருக்கார். உங்களுக்கு வந்தது மாமா கோவத்தோட போச்சுன்னு சந்தோசப்படுங்க.

கட்டபெட்டு:
அதெல்லாம் இருக்கட்டும், விலை இலைய மட்டும் வச்சா போடுறான்? குன்னூர் ஏலத்துல தூள் விலை எறங்குனா கையில பறிச்சவனுக்கும் சேத்துத்தான் அடி. உன் கேள்வி நாலுல ஒண்ணுலயாச்சும் ஏலம் வந்துச்சா? வராத மாதிரிதான அடுக்கிருக்க.

கோத்தகிரிக்காரன்:
கட்டபெட்டு அண்ணே, அது நெத்தியடி, ஏலம் எனக்கு ஞாபகமே வரல. நேத்து மாமா தோட்டத்துக்கே போயிட்டேன். ஏன் மாமா கத்தரி எடுத்தீங்கன்னு கேட்டேன், நெசமாவே தெரியாமத்தான் கேட்டேன். பறிக்க ஆள் கெடைக்கிறதில்ல, அத்தைக்கு தோள்பட்டை தூக்க முடியலன்னார். ரொம்ப நேரம் பேசினார். அப்புறம் மெதுவா, நீ இதுவரைக்கும் எத்தன கிலோ பறிச்சிருப்பன்னு கேட்டார். வாத்தியார் சார், இது அறிவு வினாதான? சனிக்கெழம காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லிருக்கார்.