வீங்கிய முழங்கால், இயங்க மறுக்கும் முன்தொடைத் தசை: ஐஸ் வைப்பது பற்றிச் சில ஐயங்கள்

குழுவிலுள்ள பிசியோதெரபி மருத்துவர்களுக்கும், முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறியவர்களுக்கும் வணக்கம்.

ஜவ்வுக் கிழிசலுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட என் முழங்காலில் நீர் இன்னும் முழுமையாக வடியவில்லை. வலி பெரும்பாலும் தணிந்துவிட்டது. ஆயினும், முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தினால், முழங்கால் சிப்பி மேலே இழுபடாமல், முன்தொடை இலேசாகத் துடிப்பதோடு நின்றுவிடுகிறது. மாறாக, புட்டத் தசைதான் இறுகுகிறது.

மூட்டில் தேங்கிய நீர் அதன் உறையை விரிக்கும்போது அங்குள்ள நரம்பு முனைகள் தண்டுவடத்துக்கு அனுப்பும் சமிக்ஞைகள், தசைக்குச் செல்லும் கட்டளையையே மட்டுப்படுத்துகின்றன என்றும், வலி இல்லாதபோதும் இது நிகழலாம் என்றும் படித்தேன். தொடையில் அல்லாமல் மூட்டின்மேல் 20 முதல் 30 நிமிடங்கள் ஐஸ் வைத்தால் இத்தடை தற்காலிகமாகத் தளரக்கூடும் என்பதால் (ஐஸ் வலிக்கு மட்டுமே என எண்ணியிருந்த எனக்கு இது வியப்புதான்), அந்த இடைவேளையிலேயே பயிற்சி செய்ய விரும்புகிறேன். ஐஸ் வைக்க மருத்துவர் அனுமதித்துள்ளார். குளிர் ஒவ்வாமையோ உணர்விழப்போ எனக்கு இல்லை.

ஈரத்துணியில் சுற்றிய நொறுக்கிய ஐஸ் நல்லதா, ஜெல் பேக் போதுமா? முழங்காலின் வெளிப்புறத்தில், சற்றுக் கீழே எலும்பையொட்டிச் செல்லும் நரம்பு குளிரால் பாதிக்கப்படாமல் எவ்வாறு கட்டுவது? மூட்டு மரத்துப்போயிருக்கும்போது, படுத்தபடி செய்யும் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா, நின்று செய்பவற்றையும் சேர்க்கலாமா? தசையைச் சுருங்கச் செய்யும் மின்தூண்டலையும் உடன் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் பேருதவியாக இருக்கும்.