மெல்லிய டியூபில் ஓட்டை விழுகிறது, யூட் கேனோபி பாதியில் நிற்கிறது, உதவி தேவை

யூட்காரன்_விக்டோரியா | சனி காலை 7.42
அவசரம். யூட் (பின்னால் திறந்த தட்டுள்ள சின்ன வண்டி) ட்ரே மேலே வைக்க நானே கேனோபி, அதாவது கருவி வைக்கும் மூடிய கூண்டு, அடிக்கிறேன். ஸ்கொயர் டியூப் வாங்கி 45 டிகிரியில் வெட்டி வைத்தாயிற்று, வெல்டிங் வைத்தால் மூலையில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. கரண்டைக் குறைத்தால் மேலே மணி மணியாக உட்காருகிறது, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பிரிந்து கையோடு வருகிறது. எட்டு மூலையில் மூன்று மூலை போயிற்று. திங்கட்கிழமை கருவிகளை ஏற்ற வேண்டும், அன்றைக்கு மழை என்று சொல்கிறார்கள். என்ன செட்டிங் வைப்பது?

கோவை_பட்டறை | 7.58
என்ன மெஷின்? டியூப் கனம் எவ்வளவு? ராடா, வயரா? இதில் ஒன்றுகூட இல்லாமல் செட்டிங் எப்படிச் சொல்வது.

யாழ்_அண்ணை_சிட்னி | 8.05
தம்பி, அந்த ஸ்கொயர் டியூப் பூச்சில்லாத கறுப்பா, துத்தநாகம் பூசின கல்வனைஸ்டா? அதை முதல் சொல்லுங்கோ. கல்வனைஸ்டு என்றால் கராஜ் கதவைத் திறந்து வைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

மெல்பன்_கரண்ட் | 8.11
எனக்கு சந்தேகம் பவர் மேல்தான். ஆஸ்திரேலியாவில் வீட்டு பிளக் 10 ஆம்ப். இங்கே விற்கிற வெல்டிங் மெஷின்களில் பலவற்றுக்கு 15 ஆம்ப் பிளக், எர்த் கால் மட்டும் அகலமாக இருக்கும். அதைத் தேய்த்து 10 ஆம்ப் சாக்கெட்டில் நுழைக்கிற ஆட்களை நேரில் பார்த்திருக்கிறேன், வீடு எரிய அதுவே போதும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை 20 மீட்டர் இழுத்திருந்தால் வோல்டேஜ் இறங்கி ஆர்க் துடிக்கும். வயர் எத்தனை மீட்டர்?

பழைய_கை | 8.30
மாதம் ஒருமுறை இதே கேள்வி. இரண்டு வருடம் உதவியாளராகக் கையைச் சுட்டுக்கொண்டு பழக வேண்டிய வேலையை ஒரு சனிக்கிழமையில் முடிக்கப் பார்த்தால் ஓட்டைதான் விழும். முதலில் 5 மில்லி தகட்டில் கோடு இழுத்துப் பழகுங்கள். மெல்லிய டியூப் கடைசிப் பாடம்.

கோவை_பட்டறை | 8.41
பழகட்டும், ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கிறதே. என் பங்குக்கு ஒன்று: மிக் (வயர் தானாக ஊட்டும் மெஷின்) என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு 14 கேஜ் ராடு, அதாவது 2 மில்லி ராடு வாங்குங்கள், 6013 வகை. 45, 50 ஆம்பியர் போதும். இங்கே ஜன்னல் கிரில், கேட் எல்லாம் அப்படித்தான் அடிக்கிறோம். பொட்டு வை, எடு, சிவப்பு அடங்கட்டும், அடுத்த பொட்டு.

யூட்காரன்_விக்டோரியா | 9.20
மன்னிக்கவும், இதெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. கேஸ் இல்லாத மிக், 0.9 வயர். டியூப் 25க்கு 25, கனம் 1.6. வெள்ளையாகப் பளபளக்கிறது, கல்வனைஸ்டாகத்தான் இருக்கும். பிளக் 10 ஆம்ப், நேராகச் சுவரில். மெஷின் பழையது, போன வாரம்தான் வாங்கினேன். படம் போட்டிருக்கிறேன்.

பாய்லர்மேக்கர்_அக்கா | 9.37
படத்தை பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டையை விடுங்கள், அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் கடுகு இறைத்த மாதிரி தெறிப்பு ஒட்டியிருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டியது. கரண்டு அதிகம் என்பதால் மட்டும் இவ்வளவு தெறிக்காது. மெஷினை விற்றவர் கேஸ் போட்டு ஓட்டினாரா? உள்ளே வயர் சுருள் இருக்கும் பக்கத்து மூடியைத் திறங்கள். டார்ச்சின், அதாவது கையில் பிடிக்கும் துப்பாக்கியின், வயர் பிளஸ்ஸில் இருக்கிறதா, மைனஸ்ஸிலா?

கேஸோடு ஓடும் சாதா வயருக்கு டார்ச் பிளஸ். கேஸ் இல்லாமல் ஓடும், உள்ளே பொடி நிரப்பிய ஃப்ளக்ஸ் வயருக்கு டார்ச் மைனஸ், எர்த் கிளாம்ப் பிளஸ். மாறிக் கிடந்தால் ஆர்க் வெடிக்கும், தெறிக்கும், மெல்லிய இரும்பை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். சத்தத்திலேயே தெரியும்: சரியாக இருந்தால் எண்ணெயில் வடை வேகிற மாதிரி ஒரே சீராக இருக்கும், தப்பாக இருந்தால் தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி விட்டு விட்டு வரும்.

பழைய_கை | 9.52
மெஷின் மூடியின் உட்புறத்திலேயே இதற்குப் படம் ஒட்டியிருப்பார்கள். வாங்கியவர் அதைப் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை.

பாய்லர்மேக்கர்_அக்கா | 10.04
பழைய மெஷினில் அந்த ஸ்டிக்கர் கிழிந்துபோயிருக்கும், அண்ணா. நானும் முதல் வருடத்தில் அரை நாள் இதே தப்போடு நின்றேன், ஒருவர் வந்து காட்டித்தான் தெரிந்தது.

யூட்காரன், இன்னும் இரண்டு விஷயம். வெல்டிங் வைக்கும் இடத்தில் வெள்ளைப் பூச்சை இரண்டு பக்கமும் 25 மில்லி அகலத்துக்கு ஃபிளாப் டிஸ்கால் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் தட்டு) தேய்த்து எடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பு உருக 1500 பக்கம் வேண்டும். அதனால் இரும்பு உருகும்போது கீழே துத்தநாகம் ஆவியாகி, உருகிய குழம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உங்கள் படத்தில் தெரியும் ஊசித் துளைகள் அதுதான். வேலை முடிந்ததும் அந்த இடங்களுக்கு ஸிங்க் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான்.

இரண்டாவது, இடைவெளி. 45 டிகிரி வெட்டில் படத்தில் பார்த்தால் உள்பக்கம் ஒட்டியும் வெளிப்பக்கம் 3 மில்லி வாய் பிளந்தும் நிற்கிறது. 1.6 இரும்பின் முனையில் பிடித்துக்கொள்ள ஆளே இல்லை, சூடு போக இடமில்லாமல் முனை உருகிப் பின்வாங்கும். 1 மில்லிக்கு மேல் இடைவெளி கூடாது. செட்டிங்கைத் திருகுவதைவிட வெட்டைச் சரியாக்குவதில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். பின்னால் ஒரு செப்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், இரும்பும் அதில் ஒட்டாது. அப்புறம் வயரும் 0.8க்கு மாற்றினால் நல்லது.

யாழ்_அண்ணை_சிட்னி | 10.15
துத்தநாகம் ஆவியாகி வரும் அந்த வெள்ளைப் புகை விளையாட்டில்லை தம்பி. எனக்கு ஒருமுறை மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, இரவு பத்து மணிக்கு நடுக்கம், வாயில் செம்பைச் சப்பின ருசி, இரண்டு போர்வை போர்த்தியும் அடங்கவில்லை. வேலை தொடங்க முதல் ஒரு பெரிய கிளாஸ் பால் குடியுங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

மெல்பன்_கரண்ட் | 10.22
பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும்?

கோவை_பட்டறை | 10.29
எங்கள் பட்டறையில் பாலும் வாழைப்பழமும் இல்லாமல் ஜி.ஐ., அதாவது கல்வனைஸ்டு, வேலை தொடங்க மாட்டோம். முப்பது வருடப் பழக்கம். பலன் இல்லாமலா இத்தனை பேர் செய்கிறார்கள்?

பாய்லர்மேக்கர்_அக்கா | 10.44
அந்தக் காய்ச்சல் ஒன்றிரண்டு நாளில் தானாகவே இறங்கிவிடும். குடித்தது எதுவோ அதற்குப் பெயர் போகிறது. பால் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பால் குடித்தாயிற்று என்று மாஸ்க்கைக் கழற்றி வைப்பதுதான் ஆபத்து. இங்கே ஆஸ்திரேலியாவில் வெல்டிங் புகைக்கு வேலையிடத்தில் அனுமதித்த அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராமாக இருந்தது, 2024 ஜனவரியில் 1 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டார்கள். கல்வனைஸ்டு என்றில்லை, எந்த இரும்பின் வெல்டிங் புகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியாயிற்று. ஹெல்மெட்டுக்கு அடியில் பி2 மாஸ்க் (நுண்தூசியைத் தடுக்கும் வகை) போடுங்கள், தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டி உட்காராது. காற்று முதுகுப் பக்கமிருந்து வராமல் பக்கவாட்டில் வருகிற மாதிரி நில்லுங்கள். கேஸ் இல்லாத வயர் என்பதால் கொஞ்சம் காற்று வீசினாலும் வெல்டிங் கெடாது, அதனால் வெளியிலேயே வேலை செய்யலாம்.

யாழ்_அண்ணை_சிட்னி | 10.51
மாஸ்க் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. பாலும் குடி, மாஸ்க்கும் போடு. மூத்தவர்கள் சொன்னதை ஒரேயடியாகத் தூக்கி எறியக் கூடாது.

கோவை_பட்டறை | 10.56
அண்ணன் சொல்வதுதான் சரி.

பழைய_கை | 11.20
பால் பேச்சை விட்டு இதைப் பாருங்கள். இரும்பில் கேனோபி செய்வதே தப்பு. 25க்கு 25, 1.6 டியூப் மீட்டருக்கு ஏறக்குறைய 1.1 கிலோ. ஆறரை மீட்டர் டியூப் ஆறு என்று வைத்தால் சட்டமே 43 கிலோ, தகடு, கதவு, கீல், பூட்டு எல்லாம் தனி. இது அத்தனையும் வண்டி ஏற்றக்கூடிய எடையிலிருந்து கழியும். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பில் மூன்றில் ஒரு பங்கு.

மெல்பன்_கரண்ட் | 11.31
எடைக் கணக்கு சரி. ஆனால் அலுமினியத்தை இந்த மெஷினால் ஒட்ட முடியாது. சட்டத்தை இரும்பில் வைத்து, மேல் தகடு மட்டும் அலுமினியம் போட்டால்? 2400க்கு 1200, 1.6 தகடு 12 கிலோவில் முடிந்துவிடும்.

பழைய_கை | 11.38
இரண்டு உலோகமும் நேராகத் தொடக் கூடாது, மழை ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவில் பசை நாடா ஒட்ட வேண்டும். சொல்லிவிட்டேன்.

பாய்லர்மேக்கர்_அக்கா | சனி மதியம் 1.15
யூட்காரன், திறந்து பார்த்தீர்களா? முழு வெல்டிங் வைப்பதற்கு முன்னால் எட்டு மூலைக்கும் பொட்டு மட்டும் வைத்து, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வருகிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். ஒரே மூலையை முழுதாக முடிக்காமல் எதிர் மூலைக்கு மாறி மாறிப் போங்கள், இல்லாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். நின்ற வாக்கில் இருக்கும் இணைப்பை மேலிருந்து கீழே இழுங்கள், மெல்லியதில் அதுதான் ஓட்டை விழாமல் தப்பிக்கும். நாலு பக்கமும் அடைபட்ட டியூபில் கடைசி இணைப்புக்கு முன் உள்பக்கம் ஒரு சின்னத் துளை போடுங்கள். உள்ளே சூடான காற்றுக்கு வழி இல்லாவிட்டால் கடைசி ஒரு சென்டிமீட்டரில் ஊதித் தள்ளும்.

யாழ்_அண்ணை_சிட்னி | சனி இரவு 8.50
தம்பியைக் காணவில்லை. காய்ச்சலோ தெரியாது.

யூட்காரன்_விக்டோரியா | ஞாயிறு மாலை 5.26
டார்ச் பிளஸ்ஸில்தான் இருந்தது. மாற்றினேன், சத்தமே வேறு. கெட்ட மூன்று மூலையையும் அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாக வெட்டினேன், சட்டம் 40 மில்லி குட்டையாகிவிட்டது, பரவாயில்லை. எட்டும் பிடித்துக்கொண்டது, சுத்தியலுக்கு அசையவில்லை. மாஸ்க் போட்டேன், பாலும் குடித்தேன். நன்றி அக்கா. தகடு இன்னும் வாங்கவில்லை, நாளைக்கு மேலே தார்ப்பாய்தான்.

பழைய_கை | ஞாயிறு 5.40
மூலைவிட்டம் எவ்வளவு வந்தது?

மெல்பன்_கரண்ட் | ஞாயிறு 6.02
தார்ப்பாய் பின்பக்கம் தொங்கி நம்பர் பிளேட்டையும் பிரேக் லைட்டையும் மறைக்காமல் இழுத்துக் கட்டுங்கள்.

கோவை_பட்டறை | புதன் காலை 9.10
முடிந்த படம் போடுங்கள், யூட்காரன்.