இலையுதிர் காலத் தொடர் விடுமுறையில் கடற்கரைப் பயணம்: குளூட்டன் இல்லாத உணவுக்கு எப்படி ஏற்பாடு செய்வது?

உப்புக்காற்று:

அனைவருக்கும் வணக்கம். இலையுதிர் காலத்தில் வரும் மூன்று நாள் தொடர் விடுமுறைக்கு நானும் கணவரும் 14 வயது மகளும் ஒரு கடலோர ஊரில் தங்கலாம் என்றிருக்கிறோம். மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் எனும் தானியப் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய், இருப்பது எட்டு மாதங்களுக்கு முன்பு உறுதியாயிற்று. வீட்டுக்குள் அந்தப் புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் வராமல் பார்த்துக்கொள்கிறோம். அவளும் நன்றாகத் தேறி வருகிறாள். வெளியூர் என்றால்தான் மனம் பதறுகிறது.

காரணம் கோடையில் நடந்த ஒரு சம்பவம். கடலோர உணவகம் ஒன்றில், மாவு சேர்ப்பதில்லை என்று பரிமாறியவர் உறுதி சொன்ன பிறகே வறுத்த மீனை அவளுக்கு வாங்கிக் கொடுத்தோம். அன்றிரவே வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கிவிட்டன. மறுநாள் காலையில் போய் விசாரித்தபோது, மீன் கல்லில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மேலே ஒரு சிட்டிகை மாவு தூவுவது அங்கே வழக்கம் என்றும், அதை அவர்கள் மாவு சேர்ப்பதாகவே நினைப்பதில்லை என்றும் தெரிந்தது. மீதி இரண்டு நாளும், நாங்கள் சாப்பிட்ட மேசையில் அவள் ஒரு வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த முறை அப்படி நேரக் கூடாது.

சாப்பாட்டோடு கூடிய விடுதியா, சமையலறை உள்ள வீடா, எது நல்லது? உணவகத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பருவம் முடியும் நேரத்தில் போவதால் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

பத்தியம்:

எனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. தயங்காமல் சமையலறை உள்ள வீட்டை எடுங்கள். விடுதிகளில் எல்லாரும் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் காலை உணவுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கண்ணி. ரொட்டியை எடுத்த இடுக்கியாலேயே அடுத்தவர் பழத்தையும் எடுப்பார்; வெண்ணெய்க் கிண்ணத்தில் ரொட்டித் துகள் கிடக்கும்; உங்களுக்கென்று தனி ரொட்டி வாங்கி வைத்திருந்தாலும் அதைச் சுடுவது எல்லாருக்கும் பொதுவான டோஸ்டரில்தான். காலை உணவையும் இன்னொரு வேளையையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டால், மூன்று நாளில் ஒன்பது வேளைக்குப் பதிலாக மூன்றே வேளைதான் பிறர் சமையலை நம்பவேண்டியிருக்கும். அந்த மூன்றையும் நன்றாக விசாரித்து, நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் வாடகை வீட்டுச் சமையலறையும் முழுக்கப் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். முன்பு தங்கியவர்கள் அங்கே என்ன சமைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நான் எப்போதும் ஒரு வாணலி, ஒரு வெட்டுப்பலகை, ஒரு வடிதட்டு, இரண்டு கரண்டி ஆகியவற்றைப் பெட்டியில் எடுத்துப் போவேன். கீறல் விழுந்த பலகை, மர அகப்பை, துளையுள்ள வடிதட்டு ஆகியவற்றில் மாவு தங்கிவிட்டால் கழுவி எடுப்பது கடினம். அடுப்புத் தட்டின் மேல் அலுமினியத் தாளை விரித்துவிட்டால் போதும்.

உணவகத்துக்குப் போனால், உணவுப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பொரிக்கும் எண்ணெயைப் பற்றிக் கேளுங்கள். மீனிலும் இறாலிலும் உருளைக்கிழங்கிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் கடலோர உணவகங்களில் மாவில் தோய்த்த மீன் பொரிந்த எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரிப்பது சாதாரணம், பொரிக்கும் சூட்டில் குளூட்டன் அழிவதுமில்லை. உணவை ‘குளூட்டன் இல்லாதது’ என்று சொல்வதற்குக் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் எனும் பன்னாட்டு உணவு நெறி வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், பொது எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கின் 20 மாதிரிகளைச் சோதித்தபோது, அவற்றில் கால்பங்கு இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. அதனால் தனி எண்ணெய் இல்லாத இடத்தில் பொரித்த எதையும் நான் தொடுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாமல் வருபவையும் உண்டு. நண்டுக் குச்சி என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் நண்டு இருப்பதில்லை. அரைத்த மீனோடு மாவுச்சத்து சேர்த்துச் செய்வது அது, அந்த மாவுச்சத்து பல சமயம் கோதுமையிலிருந்து வருகிறது. வெண்ணிறமான மீன் சூப்பைக் கெட்டியாக்கக் கோதுமை மாவையே போடுவார்கள். சோயா சாஸில் பொதுவாகக் கோதுமை உண்டு. மட்டியைச் சில இடங்களில் பியர் ஊற்றி வேகவைப்பார்கள். அதில் பார்லி இருக்கிறது. ‘கோதுமை இல்லை’ என்ற சொல்லும் உங்களுக்குப் போதாது, ஏனெனில் முளைகட்டிய பார்லியிலிருந்து வரும் மால்ட் அதற்குள் அடங்காது.

அடுப்படி:

கடலோர உணவகத்தில் ஒன்பது ஆண்டுகள் சமையல்காரனாக இருந்தவன் நான். அம்மா, உங்கள் மகளுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் வருந்தினேன், ஏனென்றால் அந்தச் சிட்டிகை மாவை நானும் எத்தனையோ முறை தூவியிருக்கிறேன். பரிமாறுபவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ‘இதில் மாவு இருக்கிறதா?’ என்று கேட்டால், அவர் செய்முறையில் எழுதியிருக்கும் பொருள்களை மட்டுமே நினைத்துப் பார்ப்பார். ‘மீனைக் கல்லில் போடுவதற்கு முன் அதன் மேல் என்ன படுகிறது? எந்தக் கல்லில் போடுகிறீர்கள்? எதை வைத்துத் திருப்புகிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. உள்ளே போய்ச் சமைப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் வருவார். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

குறிப்பாக இடுக்கியைப் பற்றிக் கேளுங்கள். கூட்டம் மிகுந்த இரவில், ரொட்டித் தூளில் புரட்டிய கணவாயைத் திருப்பிய இடுக்கி கையிலேயே இருக்கும். பக்கத்தில் வேகும் மீனையும் அதாலேயே திருப்பிவிடுவோம். இடுப்பில் கட்டிய துணியில் மாவுக் கையைத் துடைத்துவிட்டு, அதே துணியால் தட்டின் ஓரத்தையும் துடைப்போம். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். ஆகவே தாளில் பொதிந்து, வாயை மூடி, அடுப்பில் வேகவைக்கும் மீனைக் கேளுங்கள். உள்ளே போவது முதல் மேசைக்கு வருவது வரை அந்தப் பொட்டலத்தை யாரும் திறப்பதில்லை. ஓட்டோடு அவித்த நண்டும் நல்லதுதான்; ஆனால் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே அதை அவிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

தொலைபேசியில் பேசுவதற்கு ஏற்ற நேரம் மதிய உணவு முடிந்து இரவுக்கான வேலை தொடங்குவதற்கு இடைப்பட்ட பொழுது. சமைப்பவரே எடுத்துப் பேசுவார், அவசரமும் இருக்காது. பருவ இறுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோடைக்கு மட்டும் வந்த ஆட்கள் போன பிறகு, சமையலறையை நன்கறிந்த பழைய ஆட்கள் சிலரே மிஞ்சியிருப்பார்கள். சாதாரண நாளில் அது உங்களுக்கு நன்மை. ஆனால் தொடர் விடுமுறையின் சனிக்கிழமை இரவில் கோடைக்காலக் கூட்டம் வந்து இறங்கும், அதைச் சமாளிப்பதற்கு அந்தச் சிலரே இருப்பார்கள். அன்று வெளியில் சாப்பிட வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை கடை திறந்தவுடன் முதல் ஆளாகப் போய் உட்காருங்கள். பலகைகள் கழுவியபடி இருக்கும், மாவுப் பெட்டியை இன்னும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ‘எங்களால் உறுதி தர முடியாது’ என்று ஒருவர் சொன்னால் அவரிடம் வருத்தப்படாதீர்கள். அவர் உண்மை பேசுகிறார்.

கூதிர்:

பருவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நிலம் குளிர்ந்த பிறகும் கடல் மெதுவாகவே குளிரும் என்பதால், வெயில் இருந்தால் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் தண்ணீரில் இறங்கலாம். ஆனால் பல உணவகங்கள் வாரத்தில் சில நாள்கள் மூடிவிடும், திறக்கும் நாள்களிலும் நேரத்தைக் குறைத்துவிடும். இணையத்தில் இருப்பது பல சமயம் கோடைக்கால நேரமாகவே இருக்கும், ஆகையால் நேரில் பேசி உறுதி செய்யாமல் கிளம்ப வேண்டாம். குளூட்டன் இல்லாத ரொட்டியையும் மாவையும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். சிறிய ஊர்க் கடைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது, விடுமுறை நாளில் கடையே திறந்திருக்காமலும் போகலாம்.

உப்புக்காற்று:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஓட்ஸ் கொண்டுபோகலாமா? உடன்வரும் உறவினர் ஒருவர், விடுமுறை நாளில் கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று மகளின் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பத்தியம்:

ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை இல்லை. வயலிலும் ஆலையிலும் அதோடு கோதுமையும் பார்லியும் கலந்துவிடுவதுதான் சிக்கல். குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸ் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. எனவே மகள் இதுவரை சாப்பிட்டுப் பழகாவிட்டால், முதன்முதலாகப் பயணத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டு வீட்டில் தொடங்குங்கள்.

உறவினருக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டவர்களுக்குச் சிறுகுடலின் உட்சுவர் பாதிக்கப்பட்டதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டுக் கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கிறது என்று வைத்தால், அந்த 50 மில்லிகிராம் அதில் நாற்பதில் ஒரு பங்கு. அவர் ‘கொஞ்சம்’ என்று சொல்வது அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. வயிறு வலிக்கவில்லை என்பதற்காகக் குடலுக்குக் கேடில்லை என்றும் ஆகிவிடாது. இதற்கு மருந்து கிடையாது, உணவுக் கட்டுப்பாடு ஒன்றே மருத்துவம். அவள் இப்போதுதான் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள்; அதைப் பெரியவர்களே அவள் முன்னால் கலைக்கக் கூடாது என்று அவரிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டார். சமையலறை உள்ள வீட்டையும் பதிவு செய்தாயிற்று. அடுப்படி ஐயா சொன்னபடி இன்று பிற்பகலில் நான்கு உணவகங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஒன்று பருவம் முடிந்து மூடிவிட்டது. இரண்டில், தங்களால் உறுதி தர முடியாது என்றார்கள். நன்றி சொல்லி வைத்தேன். நான்காவதில் சமைப்பவரே பேசினார். மீனைத் தாளில் பொதிந்து வேகவைத்துத் தருவதாகவும், வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்குக் கடை திறந்தவுடன் வந்துவிடும்படியும் சொன்னார். இடுக்கியைப் பற்றிய கேள்வியை மகளே தொலைபேசியை வாங்கிக் கேட்டாள். தனி இடுக்கி இதுவரை வைத்திருக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட அவர், அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, புதிதாக ஒன்று வாங்கி அவளுக்கென்று எடுத்து வைப்பதாகச் சொன்னார்.