மறு: ரெவனியூ பொண்டுக்கு ‘இறைவரிப் பிணைமுறி’ வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

ரெவனியூ பொண்டு (revenue bond) என்ற கடன் பத்திரத்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். பிணைமுறி என்றால் பொண்டு, அதாவது கடன் பத்திரம். வந்த முன்மொழிவுகளில் ஒன்று இது:

> ‘இறைவரிப் பிணைமுறி’ என்று வைத்தால் இலங்கை வழக்கோடு ஒத்துப்போகும்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்நாட்டு இறைவரித் திணைக்களம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இறைவரி என்றால் வரிதான். ஆனால் இந்தக் கடனுக்கு வரிப்பணம் பொறுப்பே இல்லை. பாலமோ குடிநீர்த் திட்டமோ கட்ட அரச அமைப்புகள் இந்தப் பத்திரத்தை விற்றுக் கடன் வாங்குகின்றன. அதில் வசூலாகும் கட்டணத்தில் பராமரிப்புச் செலவு போக மிஞ்சுவதில்தான் வட்டியும் முதலும். போன கிழமை என் உயர்தர மாணவி ஒருத்தி ‘மக்களின் வரியிலிருந்து திருப்பிச் செலுத்தும் கடன்’ என்று விடை எழுதித் தந்தாள். சொல்லைப் பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறாள். பிழை சொல்லில் இருக்கிறது.

சென்னை நண்பர் முன்மொழிந்த ‘வருவாய்ப் பத்திரம்’ வருவாய் தரும் பத்திரம் என்றும் விளங்கும். எந்தப் பத்திரம்தான் வருவாய் தராது? தவிர, அரசின் கடன் பத்திரத்தைத் திறைசேரிப் பிணைமுறி என்று சொல்லிச் சொல்லி இங்கே இலங்கையில் பிணைமுறி என்ற சொல் ஊன்றிவிட்டது.

முன்மொழியப்பட்ட ‘ஒற்றிமுறி’யும் அழகான சொல். ஆனால் ஒற்றியில் காணி கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும். பாலம் அப்படிப் போகாது. எங்கள் மட்டக்களப்பு வயற்கடன்தான் கிட்ட வருகிறது. “இந்த வட்டை வெள்ளாமை வெட்டினதும் அதில கழிச்சுக்கொள்ளுங்க” என்பார் அப்பப்பா (வட்டை என்பது வயல்வெளி). வெள்ளம் வந்து வெள்ளாமை அழிந்தால் வீட்டைக் கேட்க ஏலாது.

1983இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது. பொது மின்வழங்கல் அமைப்பொன்று இரண்டு அணுமின் நிலையங்களுக்கு வாங்கிய 225 கோடி டொலர் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனது. நிலையங்கள் கட்டி முடியவில்லை, விற்க மின்சாரம் இல்லை. பிணைமுறி வாங்கியவர்கள் மாநில வரிப்பணத்தில் கைவைக்க முடியவில்லை.

ஆகவே எதன் வருவாய் என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். ‘திட்டவருவாய்ப் பிணைமுறி’ என்பது என் முன்மொழிவு. ‘திட்டவரவு’ சுருக்கம்தான், ஆனால் இலங்கைக் கணக்கீட்டு வகுப்பில் வரவு என்றால் டெபிட், பிள்ளைகள் குழம்புவார்கள். ‘கட்டணப் பிணைமுறி’ என்றால் சந்தைக் கடை வாடகை அடங்காது. சரி, வரிவிதிக்கும் அதிகாரத்தையே பிணையாக வைக்கும் மற்ற வகைக்கு? ‘பொதுப்பொறுப்புப் பிணைமுறி’ எனலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “கல்லடிப் பாலத்துக்குத் திட்டவருவாய்ப் பிணைமுறி வெளியிட முடியாது, அதில் போகிறவர்களிடம் யாரும் கட்டணம் வாங்குவதில்லை.” எனக்கு இடறவில்லை. உங்கள் காதுக்கு எப்படி என்று எழுதுங்கள்.