அந்தக் காலத்து ராணுவ விமானிகள் பழகும்போதே இவ்வளவு பேர் செத்தது ஏன்?

கல்லடி லேனர்ஸ்காரன் (கேள்வி)

நான் மட்டக்களப்பு கல்லடியில் இருபத்திரண்டு வருஷமாக லேனர்ஸ் (கார் ஓட்டப் பழக்குகிற பள்ளி) நடத்துகிறேன். விமானத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் எயார்போட்டில் சின்ன விமானம் ஏதும் இறங்கினால், கார் பழகுகிற பிள்ளைகள் ஸ்டேறிங்கை மறந்து மேலே பார்ப்பார்கள். எனக்கும் விமானத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பொடியன் பழக வந்தான். வெளிநாட்டுக்காரரை ஹேர்மிஸ் கப்பல் பார்க்கக் கடலுக்குள் கூட்டிப்போகிறவன். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாழ்த்திய கப்பல். விமானம் ஏற்றவென்றே திட்டம் போட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதானாம். ஆனால் அடிவாங்கிய அன்று அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை என்று அவன் சொன்னான். அதைத் தேடிப் படிக்கப் போய், எங்கேயோ சுற்றி 1912க்கு வந்துவிட்டேன்.

1912 ஜூலை 5, இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம், கப்டன் லொரெய்னும் சார்ஜன்ட் வில்சனும் விழுந்து செத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் பறக்கும் படையின் முதல் சாவு அது. சண்டையும் இல்லை, எதிரியும் இல்லை. காலையில் பழகப் போன பறப்பு. பிறகு பார்த்தால் முதலாம் உலக யுத்தம் முழுக்க இதே கதை.

என் காரில் என் காலடியில் இரண்டாவது பிறேக் இருக்கிறது. போன கிழமை நாவலடிப் பக்கம் ஒரு பிள்ளை பிறேக் என்று நினைத்து எக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். முன்னால் மீன்பெட்டி கட்டிய ஒரு சைக்கிள். என் கால்தான் எல்லாரையும் காப்பாற்றியது. அந்த விமானங்களில் இப்படி ஒன்று இருக்கவில்லையா? மெஷின் பிழையா, பழக்கினவன் பிழையா?

அக்கரைப்பற்று பௌதிகம்

அண்ணன், பெரும்பாலும் இருக்கவில்லை. பிரான்சில் பிளேரியோ பள்ளிக்கூடத்தில் மாணவன் முதல் நாளிலிருந்தே தனிய. செட்டை வெட்டிய, பறக்க முடியாத ஒரு விமானத்தில் நிலத்தில் ஓடிப் பழகவேண்டும். அதற்குப் பெயர் ‘பென்குயின்’. இங்கிலாந்தின் பொக்ஸ்கைட்டில் மாணவன் பின்னால் இருந்து, முன்னால் இருக்கும் ஆசிரியரைச் சுற்றிக் கையை நீட்டி, விமானத்தை ஓட்டுகிற கோலைப் பிடிப்பான்.

ஆளைக் கொன்றதில் முக்கியமானது ‘ஸ்பின்’. வேகம் குறைந்து ஒரு செட்டை தாழ்ந்தால் விமானம் பம்பரம்போல் சுற்றிக்கொண்டு இறங்கும். மூக்கு நிலத்தைப் பார்க்கிறது, ஆகவே கை தானாகவே கோலைப் பின்னால் இழுக்கும். அதுதான் பிழை. இழுக்க இழுக்கச் சுற்றல் விடாது. கோலை முன்னால் தள்ளி, விமானம் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, வாலைத் திருப்புகிற சுக்கானைக் காலால் மிதிக்கவேண்டும். விழுகிறபோது இன்னும் கீழே தள்ளச் சொன்னால் யார் கேட்பார்கள்?

1912 ஓகஸ்டில் கடற்படை லெப்டினன்ட் பார்க், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கச் சுற்றி விழுந்து, கடைசி நேரத்தில் சுக்கானை மாற்றி மிதித்துத் தப்பினார். செய்தது என்ன என்று இறங்கி வந்து சொன்னார். பெரும்பாலான விமானிகளுக்கு அது போய்ச்சேர வருஷக்கணக்கானது. பார்க் அதே டிசம்பரில் வேறொரு விபத்தில் செத்துப்போனார்.

களுவாஞ்சிக்குடி மெக்கானிக்

எல்லாவற்றையும் பழக்கினவன் தலையில் போடாதீர்கள். 1908 செப்டம்பர் 17, அமெரிக்காவில் போர்ட் மயர். ஓர்வில் ரைட்தான் ஓட்டுகிறார், அவரைவிட நன்றாக ஓட்டத் தெரிந்தவன் அன்றைக்கு யார்? புறொப்பெல்லர் பிளந்து ஒரு கம்பியில் பட்டது, சுக்கான் போனது. பக்கத்தில் இருந்த லெப்டினன்ட் செல்ஃபிரிட்ஜ், வயது 26, தலை அடிபட்டுச் செத்தார். இயந்திர விமான விபத்தில் செத்த முதல் ஆள். ஓர்வில் ஏழு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அப்புறம், அந்தக்கால விமானங்கள் பலவற்றில் எஞ்சின் பின்னால். மூக்குக் குத்தினால் அது வந்து ஆளின் முதுகில் விழும். 1914இல் அமெரிக்க ராணுவம் இந்த வகையையே ஒதுக்கியது. எஞ்சின் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு எஞ்சினை ஆளுக்குப் பின்னால் கட்டித் தொங்கவிட்டவனுக்கு அதைக் கழற்றிப் பூட்டின அனுபவம் இருந்திருக்காது.

அக்கரைப்பற்று பௌதிகம்

மெக்கானிக் சொல்வது 1914 வரைக்கும் சரி. அதற்குப் பிறகு விமானம் திருந்தியது, சாவு குறையவில்லை. காரணம் ஆசிரியர்கள். சண்டையில் களைத்தவர்களை ஓய்வுக்கென்று பழக்க அனுப்பினார்கள். அவர்கள் மாணவர்களை ‘ஹன்’ என்று கூப்பிட்டார்களாம், அதாவது ஜெர்மன் எதிரி. இவன்களும் எங்களைக் கொல்லப் பார்க்கிறவன்கள்தானே என்ற பகிடி.

இதை மாற்றியவர் ஸ்மித்-பாரி என்ற பிரிட்டிஷ் விமானி. 1914 ஓகஸ்டில் விழுந்து இரண்டு காலும் உடைந்தவர். பழகாத பொடியன்களை அனுப்புகிறார்கள் என்று முன்னணியிலிருந்தே மேலதிகாரிகளோடு சண்டை பிடித்து, கடைசியில் இங்கிலாந்தில் கொஸ்போட் என்ற இடத்துப் பள்ளியின் பொறுப்பை வாங்கிக்கொண்டார். 1917இல் அவர் செய்தது: இரட்டைக் கோல் உள்ள அவ்ரோ விமானம்; ஆசிரியர் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு ரப்பர் குழாய். அதுவரை எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் கத்தவேண்டியிருந்தது. மூன்றாவதுதான் பெரிய விஷயம். ஸ்பின்னை விட்டு விலகு என்று சொல்லவில்லை. உயரத்தில் வைத்து வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போட்டு, மாணவனையே வெளியே எடுக்கவைத்தார்.

கல்லடி லேனர்ஸ்காரன்

சேர், அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் செய்தது மற்றப் பக்கம். பிள்ளை பிழைவிட முதலே என் கால் போய்விடும். அதனால் அதுகளுக்குப் பிழை எப்படி இருக்கும் என்றே தெரியாது. லைசன்ஸ் எடுத்துப்போய் முதல் மழையில் சறுக்கும்போதுதான் தெரியவரும், அப்போது பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.

மெக்கானிக் தம்பி கோபிக்கவேண்டாம், செல்ஃபிரிட்ஜின் சாவை நான் பழக்கினவன் கணக்கில் எழுதவில்லை.

இன்று பின்னேரம் அதே பிள்ளையை நாவலடி மணலுக்கே கூட்டிப்போனேன். இருபதில் போகச் சொல்லி, சடாரென்று பிறேக் அடி என்றேன். முதல் தரம் பயந்து அரைவாசிதான் மிதித்தாள். இரண்டாம் தரம் கார் குறுக்கே இழுத்தது, அவள் கத்தினாள், என் காலும் போய்விட்டது. மூன்றாம் தரம் என் காலை இழுத்து சீற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சறுக்கியது, பிறேக்கை விட்டு, ஸ்டேறிங்கைத் திருப்பி, அவளே நிமிர்த்தினாள்.

மீன்காரர் எங்களைக் கண்டதும் தூரத்திலேயே இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.