1809 அரை டாலரும் அதன் விளிம்பும்

1809ஆம் ஆண்டின் அமெரிக்க அரை டாலரில் இரண்டு அபூர்வ விளிம்புகள் உண்டு. ஒன்றில் விளிம்பு வாசகத்தின் சொற்களுக்கு இடையே பெருக்கல் குறிகள் வரிசையாக நிற்கும். மற்றதில் செங்குத்துக் கோடுகள். பால்டிமோரில் ஒரு கண்காட்சி மேசையில் பெருக்கல் குறி வகை என்று ஒன்றை நீட்டினார்கள். விலையும் அதற்கேற்ற விலைதான்.

முகப்பில் சுதந்திர தேவியான லிபர்ட்டியின் கன்னமும் தொப்பி மடிப்பும் நன்றாகத் தேய்ந்திருந்தன. விளிம்பைத் திருப்பினேன். ‘ஃபிஃப்டி சென்ட்ஸ் ஆர் ஹாஃப் எ டாலர்’ என்ற எழுத்துகள் மழுங்கி, பள்ளங்களில் கறுப்பு ஏறியிருந்தன. குறிகள் மட்டும் நேற்றுக் கீறியவை போல இருந்தன. லென்ஸில் ஒவ்வொரு கோட்டின் கரையிலும் பிசிறு தெரிந்தது. பள்ளத்தின் அடி வெள்ளை வெளேரென்று இருந்தது. நன்றி சொல்லி மேசையிலேயே வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் விளிம்புதான் முதல் வேலை. காஸ்டேங் இயந்திரத்தில் இரண்டு எஃகுச் சட்டங்கள். வாசகத்தின் பாதி ஒன்றில், மீதி மற்றதில். அவற்றுக்கு இடையே இன்னும் அச்சடிக்காத வெள்ளி வில்லையை உருட்டி எழுத்தைப் பதித்த பிறகே முகப்பு அச்சுக்குப் போகும். அச்சு விழும் அந்த அடியில் வெள்ளி வெளிப்பக்கம் பிதுங்கும். அசல் குறியென்றால் எழுத்தோடு சேர்ந்து அந்த அடியை வாங்கியிருக்க வேண்டும், எழுத்தோடு சேர்ந்தே தேய்ந்தும் இருக்க வேண்டும். 1804 என்று ஆண்டு பொறித்து, பின்னாளில் அடித்த அபூர்வ டாலரிலும் இதே கதைதான்: முதல் வகை நாணயங்களை 1830களில், வெள்ளி பிதுங்க இடம்விடாத மூடிய வளையத்துக்குள் வைத்து அடித்ததால், அவற்றின் விளிம்பெழுத்து நசுங்கிக் கிடக்கிறது.

*

மேலே எழுதிய நண்பருக்கு நேர்மாறான அனுபவம் என்னுடையது. 1827 அரை டாலர் ஒன்றில் விளிம்பெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாசிக்கவே முடியவில்லை. போலி என்று இருவர் ஒதுக்கிவிட்டார்கள். வில்லை சட்டங்களுக்கு இடையே வழுக்கினால் இப்படித்தான் ஆகும். எடை 13.4 கிராம். அமெரிக்கச் சட்டப்படி இருக்க வேண்டியது 13.48, தேய்மானத்துக்கு அது போகட்டும். அச்சில் ஊற்றி வார்த்த போலிகளின் விளிம்பில் தெரியும் இணைப்புக் கோடும் இல்லை. சந்தோஷமாக வாங்கினேன். தரச்சான்று நிறுவனங்கள் மூடி முத்திரையிடும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்; பல உறைகள் விளிம்பை மறைத்துவிடுகின்றன. அப்படிப்பட்டதை அபூர்வ விளிம்பு என்று சொல்லி விற்பவரிடம், உறையில் இடுவதற்கு முன் எடுத்த விளிம்புப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

*

மூன்றாவதாக என் பங்குக்கு: என்னிடம் 1832 என்று பொறித்த அரை டாலர் ஒன்று இருக்கிறது. விளிம்பில் எழுத்தே இல்லை, சுற்றிலும் வெறும் வரிக்கோடுகள்! பிலடெல்பியா நாணயச்சாலை அரை டாலரின் விளிம்பில் வரிக்கோடுகள் போட்டது 1836இன் இறுதியில், நீராவி அச்சு இயந்திரம் வந்த பிறகுதான். எடை 11 கிராம்கூட இல்லை, உலோகம் ஜெர்மன் சில்வர், பெயரில் மட்டும் வெள்ளி உள்ள செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை. அந்தக் காலத்திலேயே கடைத்தெருவில் புழங்கவிட அடித்த கள்ளக் காசு இது. இவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருப்பதால், சீட்டை மட்டும் மாற்றி எழுதி, ஆல்பத்தின் வேறு பக்கத்தில் வைத்திருக்கிறேன்.